ஒருமுறை நட்டம்

பெட்டிகளுக்குள் நூற்று நாற்பது சேட்டு.
நெஞ்சுப் பையில் ஒரு மின்னல்,
அதன் நுனியில் ஒரு துளி.
இரண்டு கொம்பனியும் ஒன்றாகியிருந்தால்
சித்திரை தொடக்கம் நாங்கள் அதைத்தான் போட்டிருப்போம்.
இப்போது அது பதினோராம் பக்கம்,
பெறுமதி பூச்சியம்.

ஸ்ரான்லி வீதி, இரண்டாம் மாடி.
யன்னலோரம் என்ரை மேசை.

"கலியாணம் குழம்பின மாதிரித்தான் பிள்ளை"
என்றார் முகாமையாளர் சிவகடாட்சம்.
குழம்பின கலியாணத்தில் பலகாரமாவது மிஞ்சும்.
இங்கே மிஞ்சினது வவுச்சர்.

விலகினதுக்கு நீர்க் கொம்பனிக்குக் கட்டியது
இரண்டரைக் கோடி.
அவர்களின் குழாயில் ஓடும் தண்ணீரில்
நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு எங்கே போகிறதென்று
ஒருவருக்கும் தெரியாது.
அதைக் கையெழுத்து வைத்த பிறகு கண்டுபிடித்துச் சொன்ன
ஆலோசகர்களுக்குத் தொண்ணூற்றாறு இலட்சம்.
மீதி முப்பத்திரண்டு சொச்சம் இலட்சத்துக்குள்
பெயர்ப் பலகை, இந்தச் சேட்டுகள், ஆறாயிரம் பற்றுச்சீட்டுப் புத்தகம்,
கடலைப் பார்த்த ஹோட்டலில் ஒரு மதியச் சாப்பாடு
(இறால் தனியாக எழுதப்பட்டிருந்தது),
அரியாலையில் வயருக்கும் குழாய்க்கும் சேர்த்து வெட்டிய
முக்கால் கிலோமீற்றர் கிடங்கு.

கிடங்கை மூடவும் காசு கேட்டார்கள்.
கார்த்திகை மழை இலவசமாக நிரப்பிவிட்டது.
ஒரு மாடு விழுந்தது.
மாட்டுக்கு நட்டஈடு கொடுத்தோம், அதுவும் இதிலேதான்.

மீற்றர் வாசிக்கிற றெஜினோல்ட்
ஐயாயிரம் பங்கு வேண்டினவன்,
ஒன்று அறுபத்திரண்டு ரூபா.
ஊழியருக்குச் சலுகை விலை என்று சொன்னார்கள்.
இன்றைக்குப் பதினேழு.
"வித்தால்தானே நட்டம், வைச்சிரு" என்று
ஆரோ அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.
வைத்திருக்கிறான்.
மனைவியின் சங்கிலி அடைவிலே.
அது விற்காமலே போய்விடும்.

பணிப்பாளர் சபை கூடி
இதற்கு ஒரு பெயர் வைத்தது: "ஒருமுறை நட்டம்."
ஒருமுறைதான். ஆனால்
நாற்பத்தோராயிரம் இணைப்பு,
மாதம் முப்பத்தெட்டு ரூபா ஐம்பது சதம்,
இருபத்துநாலு மாதம்.
பெருக்கிப் பார்த்தது நான்.
மூன்று கோடியே எழுபத்தெட்டு இலட்சத்து எண்பத்து நாலாயிரம்.
போன காசுக்குச் சரியாய் வந்தது,
சதம் பிசகவில்லை.
அன்று பின்னேரம் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்,
றோல் வேண்டித் தந்தார்கள்.
நானும் சாப்பிட்டேன்.

கொய்யாத்தோட்டத்தில் மிளகாய் அரைக்கிற மில்காரி
பில்லைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தாள்.
விரலில் செத்தல் தூள்.
"சீராக்கல் எண்டு போட்டிருக்கு.
என்னத்தைச் சீராக்கினியள்?
கறன்ட் நேற்றும் மூண்டு தரம் நிண்டது."
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெடியன்
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் கோப்பைப் பார்த்தேன்.
அவள் தும்மினாள், கட்டினாள், போனாள்.
கவுண்டரில் ஒரு சிவப்பு ரேகை கிடந்தது,
ஆரும் துடைக்கவில்லை.

முகாமையாளருக்குக் கொழும்பில் புது வேலை.
போகிறபோது எனக்கொரு பேனை தந்தார்,
மின்னலும் துளியும் போட்டது.
எழுதுகிறது, குறை சொல்ல ஏலாது.

வெள்ளிக்கிழமை என்ரை வீட்டுக்கும் பில் வந்தது.
கடைசிக்கு முந்தின வரியில் முப்பத்தெட்டு ஐம்பது.
பழக்கதோசம், கூட்டிப் பார்த்தேன்.
சரி.
ஒரு இடத்திலாவது பிழைத்திருக்கலாம்,
சண்டை பிடித்திருப்பேன்.

திங்கள் காலை எங்கட கவுண்டரிலேயே வரிசையில் நின்று கட்டினேன்.
பற்றுச்சீட்டில் இரண்டு கொம்பனியின் பெயரும்
பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தது.
பெடியன் அடிமட்டம் வைத்து
ஒரு பெயரைச் சிவப்பால் வெட்டிவிட்டு,
மீதிச் சில்லறை இல்லை என்று
ஒரு ரொபியோடு
என்னிடம் நீட்டினான்.